புஸ்வாணம் அங்கிளின் உதைக்காத தோட்டா

டெக்சாஸில் துப்பாக்கி வைத்திருப்பவர்களிலேயே சத்தத்துக்கு அதிகம் பயந்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் தெரு புஸ்வாணம் அங்கிளுக்குத்தான் முதல் பரிசு. இரண்டாம் பரிசுக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டில் கார் கதவை ஓங்கிச் சாத்தினாலே அவர் கையில் இருக்கும் காபி சட்டையில் இருக்கும். தீபாவளிக்குத் தெருவே சரம் கொளுத்திக்கொண்டிருக்க, இவர் மட்டும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, தன் வீட்டு டிரைவ்வேயின் கடைசியில் ஒற்றைப் புஸ்வாணத்தைப் பற்றவைத்து, "ஆஹா, என்ன மருவாதை, என்ன மருவாதை" என்று ரசிப்பார். பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மனைவி சரோஜா ஆன்ட்டியே "ஏனுங்க"வோடு நிறுத்திக்கொள்வார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஞாயிறுதோறும் பிஸ்டல் சுடும் போட்டிக்குப் போவார்.

நான் வேலை மாறி, ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டுக்குக் குடிவந்தபோது அவர் வீடு எனக்கு நேர் எதிர். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். ஹூஸ்டனில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் குவாலிட்டி எஞ்சினியராக இருந்து, அங்கே சோதிக்க இனி எதுவும் பாக்கி இல்லை என்ற நிலையில் ரிடையர் ஆனவர். யாரோ சக ஊழியர் பிரிவு உபசாரமாக அவரைத் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு அழைத்துப் போயிருக்கிறார். வினை அங்கே பிடித்தது.

"அந்த ஆளு ஒண்ணைக் கையில குடுத்தானுங்க தம்பி. யானைத் தும்பிக்கையாட்ட இருந்துச்சு. சுட்டேன். என்ற கண்ணாடி ஒரு பக்கம், என்ற தொப்பி ஒரு பக்கம். குண்டு எந்தப் பக்கம் போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தகவல் இல்லீங்க."

வேறு யாராக இருந்தாலும் அந்தத் திசைக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தோட்டத்தில் கத்தரிக்காய் போட்டிருப்பார்கள். இவர் வீட்டுக்கு வந்து மூன்று நாள் யோசித்தார். குற்றம் துப்பாக்கியினுடையது அல்ல, தோட்டாவினுடையது என்று தீர்ப்பு சொன்னார். கடைத் தோட்டா என்பது கல்யாண வீட்டுச் சாம்பார் மாதிரி, ஊருக்கே பொதுவாகச் செய்தது. நம் கைக்கு ஏற்ற காரத்தில் நாமே செய்துகொண்டால் என்ன?

அன்றிலிருந்து அவர்களுடைய கார் வெயிலிலும் ஆலங்கட்டி மழையிலும் வெளியே நின்றது. கராஜ் முழுக்கத் தோட்டா சமையல். பாதி லேத்துப் பட்டறை, பாதி நகைக்கடை என்று தோன்றும் இடம். கரும்பு ஜூஸ் மெஷின் கைப்பிடி மாதிரி ஒன்றை இழுத்தால், கீழே ஒரு தோட்டா உருவாகி விழும். வெடிமருந்தை நிறுக்க ஒரு தராசு. அதன் பக்கத்தில் நாம் மூச்சுவிட்டாலே முள் ஆடும்.

"தம்பி, மூச்சை அக்கட்டால திரும்பி வுடுங்க."

அக்கட்டால திரும்பி விட்டேன். தத்துவம் அப்போதுதான் எனக்கு உபதேசிக்கப்பட்டது.

"குண்டு கனமா இருக்கோணும். மருந்து கம்மியா இருக்கோணும். ஒல்லிக் குண்டை வெரசா வுட்டீங்கன்னா கையில சுள்ளுன்னு அடிக்கும். கனமானதை நெதானமா வுட்டா, தள்ளுமே தவிர உதைக்காதுங்க. வெளங்குச்சுங்களா?"

"வெளங்குச்சு அங்கிள். பஸ்ல கண்டக்டர் தள்றதுக்கும், ரோட்ல மாடு முட்டறதுக்கும் உள்ள டிஃபரன்ஸ்."

எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. துப்பாக்கி என்றாலே எனக்கு ஆகாது. ஆனால் அன்று முதல் நான் அவருடைய ஆஸ்தான சோதனை எலி. சனிக்கிழமை காலையில் ரேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போய், தன் காதில் பஞ்சும் அதன் மேல் காதுமூடியும் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஐந்து ஐந்து சுடச் சொல்லி, என் மணிக்கட்டை நாடி பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு, "எப்படி?" என்பார். நோட்டில் எண்களாக எழுதிக்கொண்டாலும், டப்பாக்களின் மேல் பெயர்தான் எழுதுவார். கொஞ்சம் உதைப்பது 'வறட்டுச் சப்பாத்தி'. அதற்கடுத்தது 'பன்'. பிறகு 'இட்லி'. கடையில் வாங்கிய தோட்டா எதுவானாலும் 'தோசைக்கல்'. தேடிக்கொண்டிருந்த பரம்பொருளுக்கு மட்டும் முன்கூட்டியே பெயர் வைத்து ஒரு காலி டப்பா காத்திருந்தது: 'இடியாப்பம்'.

சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை அவர் வீசமாட்டார். பொறுக்கி வந்து, கழுவி, மறுபடி மருந்து நிரப்புவார். கழுவியதைக் காயவைக்க டிரைவ்வேயில் எட்டு முழ வேட்டியை விரித்து, வடகம் மாதிரி பரப்பி, மணிக்கொரு தரம் புரட்டிவிடுவார். ஒரு நாள் எச்.ஓ.ஏ. என்கிற குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: உங்கள் டிரைவ்வேயில் உலோகக் கழிவு கிடக்கிறது, உடனே அகற்றவும். அங்கிள் இரண்டு பக்கம் பதில் எழுதினார். இவை கழிவு அல்ல, ஐந்தாவது பிறவிக்குக் காத்திருக்கும் உயர்தரப் பித்தளை என்று. சங்கத்து அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார். வேட்டி, பித்தளை, அதன் நடுவே சம்மணமிட்டுப் புரட்டிக்கொண்டிருந்த அங்கிள் எல்லாவற்றையும் அவர் மாறி மாறிப் பார்த்தபோது, சரோஜா ஆன்ட்டி வாசலுக்கு வந்து தன் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கோரிக்கை வைத்தார்.

"மேடம், ப்ளீஸ். டேக் ஹிம் ஆல்ஸோ."

ஆன்ட்டியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின வாரம்தான் அவருடைய இட்லித் தட்டு ஒன்று காணாமல் போய், ஒரு குழிக்குப் பத்து தோட்டா என்ற கணக்கில் கராஜில் அகப்பட்டிருந்தது. "அந்தத் தட்டு அங்கயே கெடக்கட்டும். அதைத் தூக்கின கையி இனி என்ற சமையக்கட்டுக்குள்ள வரப்படாது" என்று தீர்த்துவிட்டார்.

நிற்க. மெத்தென்று சுடுவதுதான் லட்சியம் என்றால் மருந்தைக் குறைத்துக்கொண்டே போகலாமே என்று உங்களுக்குத் தோன்றும். போட்டி நடத்துகிறவர்களுக்கும் அது தோன்றியிருக்கிறது. குண்டின் கனத்தையும் வேகத்தையும் பெருக்கினால் இன்ன அளவாவது வர வேண்டும், அதற்குக் கீழே போனால் மதிப்பெண் கிடையாது என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நிற்பதுதான் அங்கிளின் வாழ்க்கை.

அதை ஆகஸ்ட் மாதம் பிடித்தார். ஹூஸ்டன் வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்த ஒரு மதியம், கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். பெண்ணுக்கு வரன் அமைந்த அப்பாவின் முகம்.

"கெடைச்சிருச்சுங்க தம்பி! இடியாப்பம்!"

போய்ச் சுட்டுப் பார்த்தேன். உண்மையாகவே, யாரோ முழங்கையைத் தொட்டு "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று சொன்ன மாதிரிதான் இருந்தது.

ஜனவரியில் மாநிலப் போட்டி. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அதற்காக இடியாப்பத்திலேயே நூற்றுக்கணக்கில் செய்து அடுக்கினார். இரண்டரை மணி நேர டிரைவ். அங்கிளுக்குக் குறி பார்க்காத கண்ணில் காட்ராக்ட் ஆபரேஷன் செய்து சில வாரங்கள்தான் ஆகியிருந்ததால் நான் ஓட்டினேன். "இந்த மனுசன் அங்க போயி என்னத்தைத்தான் பண்றாருன்னு ஒருக்காப் பாத்தரலாம்" என்று ஆன்ட்டியும் முதல் முறையாகக் கிளம்பினார், ஹாட்பேக்கில் இட்லியோடு.

அன்று பார்த்து டெக்சாஸுக்குக் குளிர் பிடித்திருந்தது. கார்க் கண்ணாடியில் பனிக்கட்டியைச் சுரண்டிவிட்டுத்தான் புறப்பட்டோம். ஃப்ரீவே ஏறிப் பத்து நிமிஷம் வரை வளவளவென்று பேசிவந்த அங்கிள் திடீரென்று ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க."

"என்ன அங்கிள்?"

"மருந்து குளுருல சோம்பேறியாயிரும். நான் அளந்தது ஆகஸ்டு மாச வெயில்ல. இந்தக் குளுருல குண்டு வேகம் கொறைஞ்சு போயிருமுங்க."

முப்பது வருஷம் வால்வு சோதித்தவர் வெயிலை மறந்துவிட்டார். அடுத்துப் பின் சீட்டில் நடந்ததை நான் கண்ணாடியில்தான் பார்த்தேன். ஹாட்பேக்கைத் திறந்தார். இட்லிகளை எடுத்து மூடியில் வைத்தார். காலியான இடத்தில் தோட்டாக்களைக் கொட்டத் தொடங்கினார்.

"ஏனுங்க! அது இட்லி வெக்கறதுங்க!"

"இதுவும் கதகதப்பா இருக்கோணும் சரோஜா. நீ இட்லியைத் தம்பிக்குக் குடு."

ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எட்டு இட்லி தின்ற வகையில் அந்த மாநிலத்தில் எனக்கு ஏதாவது பட்டம் தரலாம்.

போய்ச் சேர்ந்ததும், தொப்பி வைத்த மீசைக்கார அதிகாரி ஒருவர் ஹாட்பேக்கைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வேகம் சோதிக்க எட்டுத் தோட்டாக்களைப் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வெட்டவெளியில் மேஜை மேல் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அங்கிள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். வாடைக் காற்று அதன் மேல் வீசிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அவற்றை வேகம் அளக்கும் கருவி வழியாகச் சுட்டார்கள். மீசைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"ஐ'ம் சாரி, சார்."

கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே. நாள் முழுவதும் சுடலாம், ஆனால் எதுவும் கணக்கில் சேராது. மீசைக்காரரின் டேப்லெட்டில் அங்கிள் பெயருக்கு எதிரே பூஜ்யம் விழுந்தது.

இப்படி ஆனால் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்களாம். நானும் கார்ச் சாவியை எடுத்தேன். அங்கிள் ஹாட்பேக்கைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"ஆறு மாசம் ஒக்காந்து பண்ணினது தம்பி. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி ஊறுகாயா போடறது? சுட்டுட்டே போலாமுங்க."

சுட்டார். அத்தனை சனிக்கிழமைகளில் நான் பார்க்காத மாதிரி சுட்டார். மற்றவர்களுக்குத் துப்பாக்கி மேலே எகிறியது. இவர் கையில் அது தலையை லேசாக ஆட்டிவிட்டு அடுத்ததற்குத் தயாராகிவிட்டது. இலக்கு அட்டைகளில் ஓட்டைகள் எல்லாம் நடு வட்டத்தில். மீசைக்காரர் எண்ணிப் பார்த்தார், ஓட்டைகளை ஒட்டுத்தாளால் மூடினார், எதையும் எழுதாமல் நடந்தார்.

ஆன்ட்டி என் பக்கம் குனிந்தார். "ஏந்தம்பி, எல்லாத்துக்கும் எழுதறாரு, இவருக்கு மட்டும் எழுத மாட்டேங்கறாரு?"

விளக்கினேன். ஆன்ட்டி முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு ஹேண்ட்பேக்கிலிருந்து மளிகைச் சீட்டு ஒன்றை எடுத்துத் திருப்பி, மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எல்லைக் கயிறு வரை போய் உட்கார்ந்து, மீசைக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"மிஸ்டர்! மை ஹஸ்பண்ட். ஹவ் மெனி?"

அவர் திகைத்தார். பிறகு நடந்து வந்து, "ஆல் சென்டர், மேம்" என்றார். ஆன்ட்டி எழுதிக்கொண்டார். அடுத்த சுற்றிலிருந்து அந்த மனிதர் கூப்பிடாமலே வந்தார். ஒவ்வொரு முறையும் தொப்பியைக் கழற்றி, எத்தனை நடுவில், எத்தனை நொடி என்று ஒப்பித்துவிட்டுப் போனார். கூடச் சுட்ட முரட்டு ஆசாமிகள் இரண்டு பேர் ஆன்ட்டியின் தோளுக்குப் பின்னால் நின்று சீட்டை எட்டிப் பார்த்தார்கள். பருப்புக்கும் பாத்திர சோப்புக்கும் பின்பக்கம் அங்கிளின் மாநிலப் போட்டி மளமளவென்று நிறைந்தது.

எல்லாம் முடிந்ததும் ஆன்ட்டி கூட்டிப் பார்த்தார். ரிசல்ட் ஒட்டிய பலகைக்குப் போய் விரலால் தேடினார். திரும்பி வந்து கணவரிடம் சீட்டை நீட்டினார்.

"ஏனுங்க, உங்களுக்கு மூணாவது எடம்."

அங்கிள் கண்ணாடியைச் சரிசெய்து, பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சீட்டை வாசித்தார். வெகு நேரம் வாசித்தார். சரி, அழப்போகிறார் என்று நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"நாலாவது வரியில கூட்டல் தப்பு சரோஜா. நாலாவது எடந்தான்."

"இருந்துட்டுப் போகுது, குடுங்க" என்று பிடுங்கி, நான்காக மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார் ஆன்ட்டி.

திரும்பும்போது வெயில் வந்திருந்தது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் பின் சீட்டில் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். அங்கிளின் தலை ஆன்ட்டியின் தோளில் சரிந்திருந்தது. ஆன்ட்டி தூக்கத்திலும் பர்ஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பின்னால் வந்த லாரிகள் எல்லாம் மெதுவாக உருட்டிய என்னைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போயின. பேர்லேண்ட் வரும்வரை நான் ஒரு தடவைகூட பிரேக்கை அழுத்திப் போடவில்லை.