வெண்ணிலா டிரைவ்-இன் வரலாறு: மாமாவுக்கு ஒரு மறுப்பு

ராஜபாளையம்,
செப்டம்பர் 1996.

மதிப்பிற்குரிய தாய்மாமா ஐயாதுரை அவர்களுக்கு, அக்கா மகன் பேச்சிமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் நலம். தாங்கள் நலமாக இருப்பதைத் திருவில்லிபுத்தூர் ரோட்டுச் சுவர்களில் தினமும் பார்த்துக்கொள்கிறோம்; கைகூப்பி, கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறீர்கள்.

ஊராட்சித் தலைவர் தேர்தல் நோட்டீசுக்காக, மூடிப்போன தங்கள் வெண்ணிலா டிரைவ்-இன் தியேட்டரின் வரலாற்றை "உருக்கமா" எழுதித் தரச் சொல்லி ஆள் விட்டிருந்தீர்கள். எழுதினால் தங்கள் மில்லில் கிளார்க் வேலையாம். தியேட்டர் நிலத்தை மனை போட்டு விற்கும் வரைபடத்தையும் அந்த ஆள் காட்டினார். பூங்கா இருக்கிறது, பிள்ளையார் கோவில் இருக்கிறது, காலனிக்காரர்கள் சுடுகாட்டுக்குப் போகிற பாதையை மட்டும் காணோம். கேட்டதற்கு, "அப்படி ஒண்ணு எந்தக் காலத்துலயும் கெடையாதே" என்றார். மன்னிக்கவும், நான் எழுத மாட்டேன். உண்மையான வரலாறு எனக்குத் தெரிந்து தொலைத்திருக்கிறது.

1987-இல் பம்பாய் போனீர்கள். அங்கே காரில் உட்கார்ந்தபடியே படம் பார்ப்பதைக் கண்டு வந்து, காலனிப் பாதையை மறித்துச் சுவர் எழுப்பித் தியேட்டர் கட்டினீர்கள். ஊரில் கார் வைத்திருப்பவர்களை ஒரே பந்தியில் உட்கார்த்திவிடலாம் என்பது சுவர் எழும்பிய பிறகுதான் உறைத்தது. உடனே, 'எந்த வண்டியில் வந்தாலும் அனுமதி, நடந்து வருவோருக்கு இல்லை' என்று போர்டு வைத்தீர்கள். சாதியைச் சொல்லாமலே சாதியைச் சொல்லும் வித்தையை அந்தப் போர்டில்தான் படித்தேன். டிராக்டர் வந்தது, பஞ்சு லாரி வந்தது, மாட்டுவண்டியும் வந்தது. வண்டியை நேராக நிறுத்தினால் மாட்டின் முதுகுதான் தெரியும் என்பதால் திருப்பி நிறுத்தினார்கள். மாடுகள் திரைக்கு முதுகைக் காட்டி அசைபோட்டன. தாங்கள் ஓட்டிய படங்களுக்கு வந்த ஒரே நேர்மையான விமர்சனம் அதுதான்.

அப்புறம் காலனிச் சங்கையா இறந்துபோனார். மழைக்காலம், சுவரைச் சுற்றிப் போனால் கண்மாய்த் தண்ணீர் இடுப்பளவு. அவர் தங்கை இருளம்மாள் வந்து, "மொதலாளி, இன்னைக்கு ஒரு நா மட்டும் கதவத் தொறந்துவிடுங்க" என்று கும்பிட்டாள். தாங்கள் போர்டைக் காட்டினீர்கள். அவள் அதை யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனாள். முதல் ஆட்டம் தொடங்கியதும் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. உள்ளே மாலையோடு சங்கையா.

டிக்கெட் கிழிக்கும் ஹமீது பாய் எட்டிப் பார்த்து அரண்டுபோனார்.

"என்னம்மா இது?"

"வண்டி பாய். போர்டுல வண்டின்னுதான போட்டிருக்கு?"

"சரித்தான். உள்ள படுத்திருக்கவருக்கு?"

"அரை டிக்கெட் போடுங்க. அவரு கண்ணத் தொறந்து பாக்கவா போறாரு?"

பாய் சட்டப்படி முழு டிக்கெட்டே கிழித்தார். உள்ளே டூயட் பாட்டு. வண்டியிலிருந்து வந்த கொட்டுச் சத்தத்தைப் பாட்டில் சேர்ந்தது என்று நினைத்துத் தாளம் போட்டவர்கள், பிணவண்டி பக்கத்தில் வந்ததும் 'தீட்டு, தீட்டு' என்று கதறினார்கள். ஏற்கெனவே திரும்பி நின்றதால் மாட்டுவண்டிகள் முதலில் வெளியேறின. கார்க்காரர்கள் மறுநாளிலிருந்து வரவே இல்லை. தாங்கள் பாயை வேலையை விட்டு நிறுத்தினீர்கள், தியேட்டரை மூடினீர்கள். சுவர் இடிந்தது, பழைய பாதையிலேயே மறுபடி பிணம் போகிறது. இதைத்தான் 'டி.வி. வந்து நலிந்த கலைக்கோவில்' என்று எழுதச் சொல்கிறீர்கள். தங்கள் வேலையும் வேண்டாம், வரலாறும் வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம். தாங்கள் ஜெயிக்க வாழ்த்துமளவு மனசு விரியவில்லை. சளி பிடிக்காமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேச்சிமுத்து

பி.கு.: மேலே உள்ளது போன வாரம் எழுதியது. தபாலில் போடுமுன் இருளம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். "கூறு இருக்கா தம்பி ஒனக்கு? நீ எழுதலைன்னா வேற ஒருத்தன் எழுதுவான். நீயே எழுது. நல்லாப் புகழ்ந்து எழுது" என்றாள். எழுதிவிட்டேன். 'கலைவள்ளல், கருணைக்கடல், சுடுகாட்டுப் பாதைக்காகத் தன் சொந்த நிலத்தைக் காலனி மக்களுக்குப் பத்திரம் எழுதித் தரவிருக்கும் கொடையாளர்.' தங்கள் ஆள் வாசித்துப் பார்க்காமலே அச்சுக்குக் கொடுக்க, நோட்டீஸ் ஊராட்சி முழுக்கப் போய்விட்டது. தங்கள் படம் நன்றாக விழுந்திருக்கிறது. தபாலில் தாமதமாகும் என்று இதைத் தங்கள் ஆளிடமே கொடுத்தனுப்புகிறேன்; நாளைக் காலை மொத்தக் காலனியும் மாலையோடும், கூடவே ஒரு பத்திர எழுத்தரோடும் நன்றி சொல்ல வருகிறது. மறுத்துச் சொல்வதானால் அவர்களுக்கு எத்தனை ஓட்டு என்று எண்ணிவிட்டுச் சொல்லவும். நிற்க, மில் வேலையில் நான் என்றைக்குச் சேரட்டும்?