குச்சி பொறுக்கிய முகம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. ஆனால் என் கைக்கு வெட்கமே கிடையாது. யாரையும் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிடும். அந்தக் கை செய்த காரியம்தான் இது.

உக்குவளைக்கு மேலே எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையைத்தான் அப்படிச் சொல்வோம்) பதினெட்டு வருடம் குச்சி பொறுக்கினேன். காய்ந்த தேயிலையில் வெளுத்த குச்சி ஒன்று கிடந்தாலும் டீமேக்கர் ஐயா (அவருக்குக் கழுகுக் கண்) கத்துவார். பிறகு ஸ்டோரை மூடிவிட்டார்கள். உள்நாட்டுச் சண்டை நின்று ரோட்டில் செக்பொயின்ட் குறைந்த காலத்தில், கொழும்பிலிருந்து ஒரு சித்திரக்கார நோனா (பெரிய இடத்து அம்மாக்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்தார். எங்கள் ஸ்டோரைப் புதுவிதச் சித்திரங்கள் வைக்கும் மியூசியமாக்கப் போகிறாராம்! கொழுந்து வாட்டிய மாடிக்கு வெள்ளையடித்தார்கள். பழைய ரோலர் மெஷினுக்குக்கூட விளக்குப் போட்டார்கள், சாமிக்குப் போடுவதுபோல! எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டித் துடைக்க என்னை எடுத்தார்கள்.

"திறப்பு விழா நல்லா நடந்தா உங்களையே நிரந்தரமா வச்சிக்கிறேன் அக்கா" என்றார் நோனா.

விழாவன்று காலையில் முதல் ஆளாகப் போனேன். கீழே, மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்த சல்லடை அறை திறந்திருந்தது; தரை முழுக்கத் தேயிலை பரப்பியிருந்தது. குனிந்து பார்த்தேன். ஒரே குச்சி! பெரிய மனுஷர் வருகிற நாளில் இப்படியா? முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு குச்சி மிச்சமில்லை, எல்லாம் சாக்குக்குள். (டீமேக்கர் ஐயா பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்.)

நோனா மாடிப்படியில் வந்து அப்படியே நின்றார்.

"அக்கா... முகம் எங்க?"

"மொகமா? குச்சிதான் நோனா கெடந்துச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டேன்" என்று சாக்கைத் தூக்கிக் காட்டினேன், பெருமையாக.

"ஐயோ, அந்தக் குச்சியாலதான் ஒரு பொம்பளை முகம் செஞ்சிருந்தேன்! மூணு நாள் வேலை!"

மேலிருந்து பார்த்தால்தான் முகம் தெரியுமாம். நான் கண்டது தரையை மட்டும். என் வேலை அந்தச் சாக்கோடு போனது என்று நினைத்தேன்.

"திரும்பப் போட்டுத் தர்றேன் நோனா" என்றேன் அழுதுகொண்டே. அந்த வருடத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

நோனா மேலே நின்று கத்த, நான் கீழே தவழ்ந்தேன். "மூக்கு அங்க இல்ல அக்கா! காதுகிட்டப் போயிட்டீங்க!" வாகனச் சத்தம் கேட்டபோது ஒரு கண் பெரிது, வாய் கோணல். அச்சு அசல் என் நாத்தனார்!

வந்தவர்களோ அந்தப் படியை விட்டு நகரவில்லை. "என்னா கோவம் இந்த முகத்துல!" என்று ஒரு பெரியவர் வியந்தார். (நாத்தனாரோடு பழகியவர் போலும்.)

வேலை நிரந்தரமானது. ஒரே நிபந்தனை, சல்லடை அறைக்குள் மட்டும் நான் கால் வைக்கக் கூடாது.

இன்றும் நான் சுளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்க உட்கார்ந்தால் மகள் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்:

"அம்மா, எந்திரிச்சு நின்னு ஒருக்கா பாத்துட்டுப் பொறுக்குங்க. அத்தை மொகம் கெடக்கப்போகுது!"