‘மறுப்பு’ குழுவின் மகத்தான பத்தும் புதிதாக ஒன்றும்

இசை வரலாற்றை இரண்டாகப் பிளப்பதென்றால் ‘மறுப்பு’ குழுவுக்கு முன், ‘மறுப்பு’ குழுவுக்குப் பின் என்றுதான் பிளக்க வேண்டும். வேறு இடத்தில் பிளப்பவர்கள் எங்கள் பாடல்களைக் கேட்காதவர்கள். அவர்களுடைய எண்ணிக்கை சற்று அதிகம் என்பதையும் நான் மறைக்கவில்லை.

எங்களுடையது மாற்று ராக். எதற்கு மாற்று என்று கேட்கக் கூடாது. கேட்பவரை ‘அமைப்பின் ஆள்’ என்று எங்கள் பாடகர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். அவருக்குப் பட்டப்பெயர் தாடி. இருப்பதும் அதுதான். அவருடைய கோபத்துக்கு ஒரு டிரம்மர் தாளம் போடுகிறார். மேலாளர் நான். தாடி என் தங்கையைக் கட்டியிருப்பதால், இந்தப் பதவி முழுக்கத் தகுதி அடிப்படையில் கிடைத்தது.

முதல் ஆல்பத்தை எங்கள் வாடகை அறையிலேயே, பகலில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தோம். கீழ்வீட்டில் ஒரு நர்ஸ். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் விழித்திருந்துவிட்டுப் பகலில் தூங்குகிற விசித்திரப் பழக்கம் அவருக்கு. பாட்டு பாதியில் இருக்கும்போது ஒட்டடைக் கம்பால் கூரையை இடித்து, “நிறுத்துங்கடா! மனுஷி தூங்க வேண்டாமா?” என்று அலறினார். அது பதிவாகிவிட்டது. திரும்ப வாசிக்க டிரம்மருக்குக் கைவலி. அப்படியே வெளியிட்டோம்.

விமர்சகர்களுக்குப் புல்லரித்தது. ‘காலங்காலமாக அடக்கப்பட்ட குரல்’ என்றார்கள். கச்சேரிகளில் ரசிகர்கள் அந்த வரியை மட்டும் சேர்ந்து பாடினார்கள். மற்ற வரிகளின்போது பாப்கார்ன் வாங்கப் போனார்கள். அதற்குப் பிறகு எல்லா ஆல்பத்தையும் அந்த அறையிலேயே பதிவு செய்தோம். எல்லாவற்றிலும் கூரை இடிபட்டது. வசதி வந்தும் நாங்கள் அறையைக் காலி செய்யவில்லை. ‘வந்த வழி மறவாத குழு’ என்று பெயர் கிடைத்தது.

குழு ஒன்றின் விற்பனை படுத்துவிட்டால் ஆல்பம் வெளியிடுகிற கம்பெனிகள் செய்கிற இறுதி மரியாதை, ‘தலைசிறந்த பாடல்கள்’ என்ற தொகுப்பு. எல்லாப் பாட்டும் ரசிகர்களிடம் ஏற்கெனவே இருக்கும். இருந்தும் வாங்க வேண்டும். அதற்காகப் புதுப் பாட்டு ஒன்றைச் சேர்ப்பது மரபு. வெளுத்த துணிக்கட்டின் மேல் புதுத்துணி ஒன்றை விரித்து வைப்பது எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்த சங்கதிதான்.

எங்களுக்கும் அந்த மரியாதை வந்து சேர்ந்தது. புதுப் பாட்டைப் பதிவு செய்து கொடுத்தோம். கம்பெனி மேடம் கேட்டுவிட்டு, “பாட்டு எங்க?” என்றார்.

“இதுதான் மேடம் பாட்டு.”

“அது கிடக்கட்டும். அந்தம்மா எங்க?”

அப்போதுதான் கவனித்தோம். கீழே கொஞ்ச நாளாகவே சத்தம் இல்லை. அந்தம்மா இல்லாமல் தொகுப்பு வராது என்று மேடம் சொல்லிவிட்டதால், பதறிப்போய் நானும் தாடியும் கீழே இறங்கினோம். நர்ஸ் கதவைத் திறந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“ஏன்க்கா இப்பல்லாம் கத்தறதே இல்ல?” என்றேன். “எங்க மேல ஏதாவது கோவமா?”

“கத்தினா இருக்கிற தூக்கமும் போயிடுது தம்பி. காதுல பஞ்சு வெச்சுக்கறேன். கட்டில் அதிருதே, அதுக்கு எங்க பஞ்சு வெக்கறது?” என்றார். “டூட்டில ஒரு தடவ கண் அசந்துட்டேன். இன்னொரு தடவ பாத்தா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு மேட்ரன் சொல்லியிருக்காங்க.”

“ஒரே ஒரு தடவ வந்து கத்துங்கக்கா. பாட்டுக்கு.”

“கத்தறேன். ஆனா காலைல வந்து படுத்தேன்னா எட்டு மணி நேரம் மேலேர்ந்து சத்தமே வரக் கூடாது.”

வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன் நான். கேட்டதைக் கேட்டபடி கொடுத்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

“எட்டா? மேனேஜர் நானே அவ்வளவு தூங்கறதில்ல. மூணு.”

“மூணு மணி நேரம் பூனை தூங்கும். ஏழு.”

“நாலு. ஞாயித்துக்கிழமைன்னா அரை மணி கூடுதல்.”

“தூக்கத்துக்குமா தள்ளுபடி? ஆறு. அதுக்குக் கீழ இல்ல, கதவச் சாத்திக்குவேன்.”

ஆறில் முடிந்தது. வாக்குக் கொடுத்தோம். படியேறும்போது தாடி உருகிப்போய், “மக்களோட உரையாடறதுன்னா இதுதான் மச்சான்” என்றார்.

வாக்குப்படி ஒரு வாரம் அமைதி காத்தோம். பிறகு நர்ஸ் தலைவாரி, முகம் கழுவி, மைக் முன்னால் வந்து நின்றார்.

“நிறுத்துங்க தம்பி… மனுஷி தூங்கணும்ல?”

“கோவமாக்கா!”

“எப்படிப்பா வரும்? அதான் நல்லா தூங்கறேனே. முந்தாநேத்து கனவுகூட வந்துச்சு.”

பதிவைக் கேட்ட மேடம் போனிலேயே தீர்ப்பு வழங்கினார். “பஸ்ல இடம் கேக்கற மாதிரி இருக்கு. இத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.”

அன்று மாலையே அவசர ஆலோசனைக் கூட்டம் நடைபெற்றது. ‘பங்கேற்பாளரின் உணர்வுநிலையை முந்தைய தரத்துக்கு மீட்டெடுப்பது’ என்ற தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன்.

“வாக்குக் குடுத்தோமே?” என்றார் டிரம்மர்.

“வாக்கு, ஒப்பந்தம் எல்லாம் அமைப்போட ஆயுதம்” என்றார் தாடி. “நாம மறுக்கறவங்கடா.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மறுநாள் காலை நர்ஸ் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் டிரம்ஸை ஆரம்பித்தோம். சாயங்காலம் அவர் வேலைக்குக் கிளம்பும்வரை கலை ஓயவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். நாலாம் நாள் காலை, சீருடையைக்கூட மாற்றாமல் அவர் படியேறி வந்து கதவை இடித்தார். உள்பக்கம் மைக் தயாராக இருந்தது.

“வாக்குக் குடுத்தீங்களேடா! வேல போயிடும்னு சொன்னேனேடா! நிறுத்துங்கடா!”

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது. தாடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சுருதி சுத்தம் மச்சான்” என்றார்.

தொகுப்பு அமோகமாக விற்றது. புதுப் பாட்டுதான் முதலிடம். ரசிகர்கள் இப்போது மூன்று வரியையும் மனப்பாடமாகப் பாடுகிறார்கள். அட்டையில் ‘கூடுதல் குரல்: மக்கள்’ என்று பெருந்தன்மையோடு அச்சிட்டோம்.

கதவை இடித்த அன்றைக்கே வார்டு நாற்காலியில் நர்ஸ் தூங்கிவிட்டார். மேட்ரன் பார்த்துவிட்டார். வேலை போயிற்று. பொறுப்புள்ள குழுவாகையால் நாங்கள் நேரில் போய் நலம் விசாரித்தோம். “ராத்திரி தூங்கறேன், பகல்ல வேல தேடறேன்” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனவே, எங்கள் மீது இதுவரை சுமத்தப்பட்டு வந்த ஒரே புகாரும் நிரந்தரமாகத் தீர்க்கப்பட்டுவிட்டது என்பதைப் பொதுமக்களுக்குப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இந்தக் கட்டடத்தில் இப்போது பகலில் யாரும் தூங்குவதில்லை.