குக்கர் பாயின் சொந்தச் சரக்கு

திண்டுக்கல்லில் கோபத்தை மொத்த வியாபாரமாகச் செய்தவர் குக்கர் பாய் ஒருவர்தான். நாங்களெல்லாம் அவரிடம் வாங்கிச் சில்லறையாகச் செலவழித்தவர்கள். கோபம் வருவதற்கு முன் அவர் மூக்கிலிருந்து ‘உஸ்’ஸென்று ஒரு சத்தம் கிளம்பும். பேகம்பூரில் அதைக் கேட்ட ஆட்டோக்காரர்கள் சவாரியோடு அடுத்த தெருவுக்குத் திரும்பினார்கள். பெயர் வந்தது அப்படித்தான்.

தொழில், கல்யாண ஊர்வலத்தில் டிரம்பெட். அவருடைய பேண்டு செட்டில் ஐந்து பேர். சாக்ஸபோன் வாசித்தவர் தக்காளி விவசாயி தொப்பம்பட்டியார். தக்காளி விலை விழுந்த மாதங்களில் மட்டும் வயலை மறந்து உருகி வாசிப்பார். டிரம் இரண்டும் அண்ணன் தம்பி; பேச்சுவார்த்தை கிடையாது, தாளத்தில் மட்டும் உறவு. ஐந்தாவது ஆள் நான். பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸ், முகூர்த்த நாளில் தள்ளுவண்டியில் கட்டிய கீபோர்டு. நாலு புத்தகம் படித்த குற்றத்துக்காக பாய் எனக்கு ‘லைப்ரரி’ என்று பெயர் வைத்திருந்தார். அதை அவர் சொன்னால் கெட்ட வார்த்தை மாதிரியே இருக்கும்.

பாயின் தலையாய கோபம் சினிமாப் பாட்டின் மேல். எந்த ஊர்வலத்திலும் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்து, அந்தப் பாட்டைப் போடுங்க என்பார். பாய் வாசிப்பார். வாசிக்கிற வாசிப்பில் குதிரை மிரளும்.

ஒருநாள் தோல் பதனிடுகிற ஷாப்புக்குச் சரக்கு பார்க்க வந்த வெள்ளைக்காரர், பாயின் மச்சான் ஓட்டிய வாடகைக் காரில் ஒரு சிடியை மறந்துவிட்டுப் போனார். அமெரிக்க ஜாஸ் சங்கீதம். பாய் என்னைப் பிடித்துக் காருக்குள் உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றி, உச்சி வெயிலில் முழுசாகக் கேட்கவைத்தார். உறையைப் படித்துச் சொன்னேன்: ஐந்து பேர், ஸ்டுடியோவில் உட்கார்ந்து பண்ணியது, எல்லாம் அவர்களே போட்ட மெட்டு. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ‘உஸ்’ வந்தது.

“அஞ்சு பேரு. அம்புட்டும் சொந்தச் சரக்கு. ஒரு சித்தப்பனும் குறுக்க வரல பாரு. ஏலே லைப்ரரி, நம்மளும் அஞ்சு பேருதானடா? நமக்கு என்ன கேடு?”

கேடு அவர் வாயிலேயே இருந்தது. மேல்வரிசை முன்பல் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. பல் டாக்டர் அடுத்த வாரம் பிடுங்கத் தேதி கொடுத்திருந்தார். பிடுங்கிவிட்டால் டிரம்பெட்டை ஷோகேஸில் வைத்துத் துடைக்கலாம், ஊத முடியாது. அவர் போட்ட மெட்டு எதையும் அதுவரை எந்த மனிதனும் காசு கொடுத்துக் கேட்டதில்லை. பல் போவதற்குள் அவை பதிவாக வேண்டும், அவ்வளவுதான். தேதி கொடுத்த கோபத்தில் அந்த டாக்டரின் பேரிலும் பாய் ஒரு மெட்டு போட்டார். அவருடைய மெட்டெல்லாம் யாராவது ஒருவர் மேல் வந்த கோபம்: ‘மண்டபத்து மேனேஜர்’, ‘தண்ணி லாரி வரல’, ‘மாப்பிள்ளையோட சித்தப்பன்’.

ஸ்டுடியோ ஒரு பிளெக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. தேர்தல் பிரச்சாரமும் அம்மன் பாட்டும் பதிகிற இடம். ஸ்டுடியோக்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்தப் படப் பாட்டுண்ணே என்று கேட்டார். தலைக்கு மேல் தடதடத்த மின்விசிறியே ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. நாங்கள் பாயின் இடுப்பைப் பிடித்துக்கொண்டோம்.

நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வாசித்தோம். எழவு வீட்டில் கூட இதைவிடக் களை இருக்கும். தாளம் ஒரு பக்கம், சாக்ஸபோன் ஒரு பக்கம். பாய் எங்கள் ஐந்து பேரின் வம்சத்தையும், தன்னையும் சேர்த்துத்தான், திட்டி முடித்தபோது தொப்பம்பட்டியார் மெதுவாகச் சொன்னார்: “ஏனுங்க பாய், கோவிச்சுக்காதீங்க. காலு நின்னா எனக்குக் கையி வரமாட்டேங்குதுங்க.”

உண்மை அதுதான். நாங்கள் ஆயுசில் உட்கார்ந்து வாசித்ததே இல்லை. ஊர்வலக்காரர்களுக்குத் தாளம் பாதத்தில் இருக்கிறது.

பாய் நாற்காலிகளை வெளியே எறிந்தார். என் தள்ளுவண்டி மாடிக்கு ஏறியது. மைக்கை நடுவில் நிறுத்தி, அந்தச் சின்ன அறைக்குள் வரிசையாகச் சுற்றிச் சுற்றி நடந்தபடி வாசித்தோம். வாசிப்பு நெருப்பாக வந்தது. ஸ்டுடியோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். சத்தம் கிட்ட வருது, தூரப் போகுது, வண்டிச் சக்கரம் வேற கிறீச்சுங்குது, எதையும் வெளியே விட முடியாதுண்ணே என்றார்.

“உன் வீட்டு வாசல்ல நின்னு ஊர்வலம் பாத்திருக்கியா?” என்றார் பாய். “வரும், போகும். நின்னுக்கிட்டே இருந்தா அது கச்சேரி. நீ அமுக்குறத அமுக்கு.”

கடைசி மெட்டு, ‘பல் டாக்டர்’. பாயின் உதட்டோரம் ரத்தம் கசிந்தது. நான் அதைப் பார்த்தபடி தள்ளியதில் வண்டி மைக் ஒயரில் சிக்கி நின்றது. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பாய் வாயிலிருந்து டிரம்பெட்டை எடுத்தார்; பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“ஏலே லைப்ரரி, சும்மா நிக்காதடா. நட.”

நடந்தேன். அவர் மறுபடி ஊதினார். கடைசிச் சுரம் பாதியில் காற்றாகிவிட்டது. ஸ்டுடியோக்காரர் இன்னொரு தடவை எடுத்துரலாம் என்றார். பாய் உள்ளங்கையைத் திறந்து காட்டினார். பல். இன்னொரு தடவை எதைவைத்து எடுப்பது?

பதிவான பென்டிரைவை யாரும் சீண்டவில்லை. பேகம்பூர் பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் மட்டும் தினமும் மத்தியானம் போட்டார். பாய் பூரித்துப் போனார், காரணம் தெரியும் வரை. அந்த நடை வேகத்தில் ஜனங்கள் மடமடவென்று தின்றுவிட்டுக் கிளம்புகிறார்களாம். கூட்ட நேரத்தில் மேசை சீக்கிரம் காலியாகிறதாம். பாய் கடைக்கே போய் அண்டா அதிரக் கத்தினார். ஆனால் பென்டிரைவைத் திரும்பக் கேட்கவில்லை.

போன வருஷம் அவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்தோம். வழி முழுக்க யாரும் எதுவும் வாசிக்கவில்லை. அதற்கும் கோபப்பட்டிருப்பார்.

கடையில் இன்றைக்கும் அது ஓடுகிறது. மத்தியானம் சில நாள் போய் உட்காருவேன். சக்கரம் கிறீச்சிட்டு நிற்கும், கொஞ்சம் அமைதி, பிறகு அந்த அதட்டல்: “ஏலே லைப்ரரி, சும்மா நிக்காதடா. நட.” சாப்பிடுகிற அத்தனை பேரும் தங்களைத்தான் சொன்ன மாதிரி இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போவார்கள். கடைக்காரர் என்னை முறைப்பார்.

நான் மட்டும் எழுந்திருப்பதில்லை. என்னைத்தானே கூப்பிட்டார், இன்னொரு தடவை கூப்பிடட்டும்.