இருவாச்சிப் பாடம்

இன்றைக்கு வியாசர்பாடி ஃபுட்பால் ஃபைனலைப் பார்த்தே தீருவது என்று கண் விழிக்கும்போதே முடிவு கட்டிவிட்டான் அலெக்ஸாண்டர். சிக்கல் ஒன்றுதான். மனைவி ஹில்டாவும் அதே முடிவோடு எழுந்திருந்தாள். அவளுக்கு அது பிறந்த ஊர். கோல்கீப்பர் அவளுடைய சொந்தத் தம்பி. யாராவது ஒருவர் ராயபுரம் வீட்டில் பிள்ளைகளோடு இருந்தாக வேண்டும்.

சாண்ட்ராவும் ஹென்றியும் பள்ளிக்கூடம் போவதில்லை. வீடுதான் வகுப்பு, ஹில்டாதான் டீச்சர். இன்றைய காட்டுப் பாடத்தைத் தான் எடுப்பதாகவும், முடிந்ததும் மேட்சுக்குத் தானே போவதாகவும் பேரம் பேசினான் அலெக்ஸாண்டர். ஹில்டா மறுக்கவில்லை. படித்ததைச் செய்து காட்டினால்தான் பாடம் முடிந்த கணக்கு என்ற தன் சட்டத்தை மட்டும் நினைவுபடுத்தினாள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் அன்று காட்டுக்கே ராஜாவானான். சருகு எப்படி உரமாகும், பழத்தைத் தின்ற பறவை எப்படி விதையைக் காடெல்லாம் பரப்பும் என்று கூடமே அதிர விளக்கினான். இருவாச்சிப் பறவைக்கு வந்ததும் துண்டைச் சிறகாக விரித்துப் பறந்தே காட்டினான்.

"அம்மா பறவ மரப்பொந்துல பூந்து வாசல அடைச்சிக்கும். சின்ன ஓட்ட மட்டும்தான் இருக்கும். அப்பாதான் தீனி கொண்டாந்து ஊட்டணும். குஞ்சு கொஞ்சம் வளந்தா அம்மா பறந்துரும்."

பிள்ளைகள் குதித்தார்கள். ஹில்டா மீன் அரிவதை அப்படியே நிறுத்திவிட்டுக் கையைக் கழுவினாள்.

"பாடம் ஷோக்கா கீது. செஞ்சி காட்டிடலாம்" என்றவள், பிள்ளைகளோடு சந்துப் பக்க அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கூடத்துப் பக்க ஜன்னல் கதவு ஒன்று மட்டும் திறந்திருந்தது.

அலெக்ஸாண்டருக்கு ஒரே உற்சாகம். மீதி மீனை அரிந்தான், குழம்பு வைத்தான், தட்டை ஜன்னலில் நீட்டினான். உள்ளேயிருந்து கீச் கீச் என்று அப்பளம் கேட்டது. அப்புறம் வாழைப்பழம். அப்புறம் தண்ணீர். பறந்து பறந்து கொடுத்தான்.

மேட்சுக்கு நேரமானதும் குளித்து, சென்ட் அடித்துக்கொண்டு கதவைத் தட்டினான். சாண்ட்ரா திறந்தாள். உள்ளே குஞ்சுகள் மட்டும்தான் இருந்தன. சந்துக் கதவு திறந்து கிடந்தது.

"அம்மா எங்க?"

"நாங்க கொஞ்சம் வளந்துட்டோம்ல டாடி. பறந்துட்டாங்க."

"அப்ப நான்?"

ஹென்றி ஆவென்று வாயைத் திறந்து காட்டினான்.