கேட்காமல் பாடினால் மைக் போகும்

மாதாவைப் புகழ்ந்து பாடுவதற்கே தன்னிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் போட்ட மனிதர் மதுரை ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவோ, திண்டுக்கல்லில் எங்களுக்கு அவர் 'மைக்செட்'. கல்யாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது தொழில். மிச்ச நேரத்தில் எங்கள் கோவிலுக்குப் பாட்டுக் கட்டுவார். அவர் பாட்டுக்கு நான் டோலக்.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய புதிது. சுற்றுவட்டாரக் கோவில்களில் பாடத் தமிழ்ப் பாட்டு போதவில்லை. அவரவர் அடுத்தவர் பாட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மைக்செட்டின் மாதா பாட்டுக்குத்தான் ஏகக் கிராக்கி. ஒருமுறை அகரம் பக்கத்துப் பாட்டுக் குழு ஒன்று கேட்காமல் அதை ஆரம்பித்தது. இரண்டாவது வரியில் மைக் செத்தது.

"என்னண்ணே ஆச்சு?"

"கரண்டு போயிருச்சு."

தலைக்கு மேல் மின்விசிறி சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "உங்க பாட்டைப் பாடிக்கிறலாமாண்ணே?" என்று கேட்டதும் மைக் உயிர்த்தெழுந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையின் தகப்பனார் அந்த மெட்டை முணுமுணுத்துவிட்டார் என்று ரசம் வருவதற்கு முன்பே எழுந்து போனவர் அவர்.

தகராறு தாங்காமல் பங்குச் சாமியார் ஓர் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு ஊர்க் குழுவும் சொந்தப் பாட்டு ஒன்றைப் பொதுவில் போட வேண்டும். போட்டவர்கள் எல்லார் பாட்டையும் கேட்காமலே பாடலாம். சொந்தப் பாட்டு இல்லாத ஊருக்கு அதில் இடம் கிடையாது. மைக்செட் கெட்டிக்காரர். தவக்காலத்துக்கென்று கட்டிய, முடிவே இல்லாத ஓர் ஒப்பாரியைப் பொதுவில் தள்ளினார். மாதா பாட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாக் குழுவினரும் எங்கள் கோவிலில் கூடிப் பாட்டுப் போட்டார்கள். கடைசியாகக் குஜிலியம்பாறைப் பக்கத்துக் குழு. மானாவாரிக் காட்டில் வேலை செய்து கறுத்த பெண்கள். அவர்களுக்கு மூத்தவள் ஆரோக்கியம். வாய் திறந்தாள். சாட்சாத் மாதா பாட்டு!

எனக்கு டோலக் கைதவறியது. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் மைக்செட்டின் கை சுவிட்சுக்குப் போயிற்று. அதற்குள் பல்லவி முடிந்து சரணம் வந்தது. அது அவர் கட்டியதே இல்லை. வெடித்த நிலத்தைப் பார், தாயே, ஒரு மேகத்தை அனுப்பு என்று கெஞ்சியது அது. கை அப்படியே நின்றது.

"எங்கேம்மா புடிச்சே இந்தப் பாட்டை?" என்றார் சாமியார்.

"எங்க ஊர்த் திருவிழாவுல குழாய் கட்டுன ஆளு பாடுனாரு சாமி. மொகம் பாக்கல, கொரலுதான் கேட்டுச்சு. மைக்கு சரியானதும் பாதியில நிப்பாட்டிட்டாரு. மிச்சத்த நாங்களாப் போட்டுக்கிட்டோம். எங்ககிட்ட வேற பாட்டு இல்ல சாமி."

மற்றவர்கள் 'ஹலோ ஹலோ' என்று மைக் சோதிப்பார்கள். எங்கள் மைக்செட் மட்டும் தன் பாட்டைப் பாடித்தான் சோதிப்பார். ஊர் ஊராக, குழாய் கட்டி, தன் சொத்தைத் தானே வாரி இறைத்திருக்கிறார்!

கூட்டம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. 'என் பாட்டு' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண்கள் வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

"என்னப்பா, இது யாரு பாட்டு?" என்றார் சாமியார்.

மைக்செட் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"அவுக பாட்டுதான் சாமி. நான் மைக்கு டெஸ்ட் பண்ணேன், அம்புட்டுத்தான்."

கூட்டம் கலைந்ததும் அவரே ஆரோக்கியத்தைத் தேடிப் போய் நின்றார். "ஏம்மா, அந்த மழைச் சரணத்த நானும் பாடிக்கிறலாமா?" என்று கேட்டார்.

"இதப் போயி கேக்கணுமாண்ணே?" என்று அவள் சிரித்தாள்.

"கேக்கணும்மா," என்றார்.

அவரை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு அந்த மனிதருக்கு டோலக் அடிக்கக் கிடைத்ததே என் பாக்கியம் என்று தோன்றியது.