நிலவறையில் ஓர் ஆண்

"ஆளை நிறுத்துவதற்கு இதில் எது நல்லது?"

பிலேந்திரன் கேட்டது இவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த துப்பாக்கிக் கடைக்காரன் கிறிஸ்ரியனின் கை அப்படியே நின்றுவிட்டது.

"எந்த ஆளை?"

"எங்கள் கட்டடத்தின் நிலவறையில் ஒருவன் திரிகிறான். பெயர் தெரியாது. தெரிந்திருந்தால் இங்கே ஏன் வருகிறேன்?"

பிலேந்திரன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். ஒஸ்லோவில் இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர், ஆயத்தமில்லாமல் எதிலும் இறங்கமாட்டார். மூன்று கிழமையாக அமெரிக்கர்களின் வீடியோக்களைப் பார்த்துக் குறிப்பெடுத்திருந்தார். ஒன்பது மில்லிமீற்றர் துப்பாக்கி என்றால் உதைப்புக் குறைவு, சன்னமும், அதாவது குண்டும், கூடப் பிடிக்கும். நாற்பத்தைந்து என்றால் ஒன்றே போதும். சுழல் துப்பாக்கி வயதானவர்களுக்கு உகந்தது. இந்தக் கடைசி வரியை மட்டும் கோபத்தில் இரண்டு தரம் வெட்டியிருந்தார்.

"உள்ளே போனதும் விரிகிற சன்னம் ஒன்று இருக்கிறதாமே?"

"அது எல்க் மான் வேட்டைக்கு. உங்கள் நிலவறையில் எல்க் இருக்கிறதா?"

"எல்க் என்றால் நான் ஏன் கவலைப்படுகிறேன்? அது கதவைத் திறந்து வராது."

கிறிஸ்ரியன் குரலைத் தாழ்த்தினான். இந்த நாட்டில் தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி உரிமம் கிடையாது. துப்பாக்கிச் சுடும் கழகத்தில் சேரவேண்டும். பாதுகாப்பு வகுப்பு முடிக்கவேண்டும். ஆறு மாதம் ஒழுங்காகப் போய்ச் சுடவேண்டும். பிறகு பொலிஸ் யோசிக்கும். பொலிஸ் ஓம் என்றாலும் துப்பாக்கி இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கவேண்டும், சன்னமும் பூட்டில்தான்.

"அவன் வந்தால் பெட்டியைத் திறக்கும்வரை பொறுத்து நில் என்று சொல்லவா?"

"பொலிஸைக் கூப்பிடுங்கள்."

"மிளகாய் ஸ்பிறே?"

"அதுவும் ஆயுதம்தான்."

பிலேந்திரன் வெளியே வந்து கதவை ஓங்கிச் சாத்தினார். அது தானாக மெல்ல மூடுகிற கதவு. அவர் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்து சேர்ந்த பிறகுதான் சாத்தி முடித்தது.

கோபத்துக்குக் காரணம் ஒரு தாள். மோர்டென்ஸ்ருட்டில் அவர்கள் கட்டடத்தின் படிக்கட்டுப் பலகையில் குடியிருப்போர் சபைத் தலைவி யூலியா அதை ஒட்டியிருந்தாள்: "நிலவறையில் ஓர் ஆண் தொடர்ந்து அமைதியைக் குலைத்து வருகிறார். குடியிருப்பாளர்கள் நிம்மதி இழந்துள்ளனர். இது தொடர்ந்தால் நடவடிக்கை எடுக்கப்படும்."

பிலேந்திரன் அதைப் படம் எடுத்து மகள் எமிலியாவுக்கு அனுப்பினார். கீழே தன் கையால் தமிழில் விளக்கமும் எழுதினார்: "கீழ ஒரு காடையன் நிக்கிறான். கவனம்."

அவ்வளவுதான். எமிலியா ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். விருந்தினர் கார் நிறுத்துகிற இடம் கீழே இருந்தது. அங்கிருந்து வீட்டுக்கு வர நிலவறையைத் தாண்டவேண்டும்.

"நோராவையும் கொண்டு நான் அதுக்குள்ளால வரமாட்டன், அப்பா. அந்த ஆளைப் பிடிச்சாப் பிறகு வாறன்."

நோராவுக்கு நான்கு வயது. ஞாயிறு பூசை முடிந்து அவள் வந்து மடியில் ஏறியிருந்து, பொரித்த மீனில் முள் எடுத்துத் தா என்று கேட்பதுதான் பிலேந்திரனுக்கு ஒரு கிழமையின் பலன். மூன்று ஞாயிறாக முள்ளை எடுத்துத் தானே தின்றார்.

"என்ர பேத்தி என்ர வீட்டுக்கு வரப் பயப்பிடுறாள். இது என்ன நாடு?" என்று அவர் குசினிக்குள் நின்று கத்தினார்.

மனைவி நேசமணி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "அந்த மனுசனுக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கவேணும்."

"வெக்கமோ? அவனை நிப்பாட்டத்தான் துவக்கு எடுக்கப்போறன்."

கத்தி நின்றது. நேசமணி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"துவக்கோ? துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடிவந்த ஆள், இஞ்சை வந்து துவக்குக் கேக்கிறியளோ? அந்த மனுசன் வாயை மூடினாலே காணும். எல்லாம் சரிவரும்."

"அவன்ர வாயை ஆர் மூடுறது?"

"அதைத்தான் நானும் மாதாவிட்டைக் கேக்கிறனான்" என்றாள் நேசமணி. பிறகு வெங்காயத்தை முன்னிலும் வேகமாக வெட்டினாள்.

பிலேந்திரனுக்கு இரத்த அழுத்தம் ஏறியது. மாத்திரை போட்டார். அந்த அழுத்தத்துக்குப் பழைய காரணமும் ஒன்று உண்டு. ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணன், ஊரில் அப்பாவின் கல்லறைக் கல்லில் பிள்ளைகள் பெயரை வெட்டுவித்தபோது, தன் பெயரைப் பெரிதாகவும் பிலேந்திரனின் பெயரைப் புல் மறைக்கிற அடிவரியிலும் போட்டுவிட்டார். ஒன்பது வருடச் சண்டை. போன வருடம் டொக்டர் கண்டித்துச் சொன்னதும், "இனி அண்ணனோட கதைக்கமாட்டன்" என்று மாதா படத்தின் முன்னால் நேசமணி அவரிடம் சத்தியம் வாங்கினாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் அண்ணன் பேச்சே கிடையாது. சனிக்கிழமைகளில் குளிர்பெட்டியில் மீன் எடுக்கவென்று நிலவறைக்குப் போகிறபோது மட்டும் அண்ணனோடு தொலைபேசியில் ஒரு முக்கால் மணித்தியாலம் கதைப்பார். மாதா படம் மேலேதான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அண்ணனிடமும் இந்த அநியாயத்தைச் சொன்னார். "கேக்குதோ? இஞ்சை கீழ ஒருத்தன் நிண்டு அட்டகாசம் பண்ணுறானாம்! கேக்க ஒரு நாதியில்லை! உங்கட கல்லுக் கதையைப் பிறகு கதைப்பம்!" நிலவறைச் சுவர்கள் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லின.

வேறு வழி இல்லாமல் கழகத்தில் சேரப் போனார். அங்கே பயிற்றுநராக நின்றது அதே கிறிஸ்ரியன். விண்ணப்பத்தில் 'சேர விரும்புவதன் காரணம்' என்றொரு கட்டம் இருந்தது. தற்காப்பு என்ற சொல்லை எழுதக்கூடாது என்பது நினைவிருந்தது. பொய் எழுதவும் மனம் வரவில்லை. யோசித்து, "பேத்தி" என்று எழுதினார்.

கிறிஸ்ரியன் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். "பேத்தியைச் சுடவா?"

"பேத்திக்காகச் சுட!"

"பிலேந்திரன், விளையாட்டு என்று எழுதுங்கள்."

விளையாட்டு என்று எழுதினார். கையில் கிடைத்ததோ மிகச் சிறிய இருபத்திரண்டு ரகத் துப்பாக்கி. அதன் துளை பென்சில் போகாத அளவு. "இதால் சுட்டால் அவன் என்னைத் திரும்பிப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்பான்" என்று முணுமுணுத்தார். பத்துச் சன்னம் சுட்டார். இரண்டு தாளில் பட்டன. அவற்றில் ஒன்று பக்கத்து ஆளின் தாள்.

"கை நடுங்குகிறது," என்றான் கிறிஸ்ரியன். "கோபத்தோடு சுடக்கூடாது. வீட்டில் தினமும் ஒரு கிலோப் பாரத்தை நீட்டிப் பிடித்து அசையாமல் நில்லுங்கள்."

வீட்டில் ஒரு கிலோவுக்குப் பிடியோடு இருந்தது சுவரில் துளைபோடும் மின்கல மெசின் ஒன்றுதான். கறுப்பு நிறம். பிடிக்கவும் வாகாக இருந்தது. அடுத்த நாள் விறாந்தையில் காலை அகட்டி, ஒற்றைக் கண்ணை மூடி, மெசினை நீட்டி நின்றார். நேசமணி சாமான் பையோடு கதவைத் திறந்தாள்.

"ஐயோ! மாதாவுக்கு நேரயோ நீட்டுறியள்?"

மெசினுக்கு நேர் எதிரே மாதா படம்.

"குறி பழகிறன்."

"உந்தக் கூத்தெல்லாம் என்ர வீட்டுக்குள்ள வேண்டாம்! வெளியில போங்கோ!"

வெளியே பனி. ஆகவே நிலவறைக்குப் போனார். அங்கே விளக்கு ஆள் அசைந்தால்தான் எரியும். குறி பழகுகிறவனோ அசையக்கூடாது. ஒரு நிமிடம் நின்றதும் விளக்கு அணைந்தது. பிலேந்திரன் பரவாயில்லை என்று இருட்டிலேயே நின்று, பல்லைக் கடித்து எண்ணினார். யாரோ கதவைத் திறந்தார்கள். விளக்கு எரிந்தது. கதவு உடனே மூடியது. ஓடுகிற சத்தம் கேட்டது. 'பார், அவனுக்குப் பயந்து சனம் ஓடுது' என்று பிலேந்திரனுக்கு வயிறு எரிந்தது.

இரண்டு நாளில் பலகையில் புதிய தாள்: "நிலவறையில் ஓர் ஆண் கைத்துப்பாக்கியுடன் காணப்பட்டுள்ளார். பொலிஸுக்கு அறிவிக்கப்பட்டுள்ளது."

பிலேந்திரன் தாளைப் பிய்த்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார்.

"பாத்தியே! அவனிட்டைத் துவக்கு இருக்கு! அவனுக்கு ஆர் குடுத்தது? அவன் ஆறு மாசம் கிளப்புக்குப் போனவனோ? ஒழுங்கா வரி கட்டுற எனக்கு இல்லை, காடையனுக்கு இருக்கு!"

நேசமணி தாளை வாசித்தாள். அவள் கண் விறாந்தையில் கிடந்த கறுப்பு மெசினுக்குப் போய்த் திரும்பியது. நெற்றியில் கைவைத்து உட்கார்ந்தாள்.

"இஞ்சை பாருங்கோ. கோபப்படாமல் நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோ."

"ஒண்டும் சொல்லாதை. எனக்குத் தெரியும் என்ன செய்யவேணுமெண்டு."

அவர் செய்தது இரண்டு காரியம். தாளைப் படம் எடுத்து எமிலியாவுக்கு அனுப்பினார். எமிலியா நோராவின் ஐந்தாவது பிறந்தநாளை அம்மம்மா வீட்டில் வைக்கிற எண்ணத்தைக் கைவிட்டு மண்டபம் தேடத் தொடங்கினாள். அடுத்து, துப்பாக்கிக்காரன் திரிவதால் தனக்கும் துப்பாக்கி கிடைக்கச் சபை பரிந்துரைக்கவேண்டும் என்று யூலியாவுக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதினார். அதில் 'உடனடியாக' என்ற சொல் ஏழு இடத்தில் வந்தது. யூலியா வாசித்துவிட்டு மறுபடி பொலிஸுக்குத் தொலைபேசி அடித்தாள்.

ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் பிலேந்திரன் கறுப்புக் குளிரங்கியைக் கழற்றவில்லை. மெசினை எடுத்தார்.

"இண்டைக்கு அவனை நானே பிடிக்கிறன். பிடிச்சிட்டு நோராவை வரச்சொல்லுறன். மீனைப் பொரி."

நேசமணி கையைப் பிடித்தாள். உதறிவிட்டு இறங்கினார். அவள் தொலைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

நிலவறைத் தூணின் பின்னால் மெசினை நீட்டிப் பிடித்து நின்றார். விளக்கு அணைந்தது. கை நடுங்கவில்லை. கிறிஸ்ரியன் பார்த்தால் பெருமைப்படுவான் என்று நினைத்தார்.

"பொலிஸ்! ஆயுதத்தைக் கீழே போடு!"

பன்னிரண்டு விளக்கும் ஒன்றாக எரிந்தன. பிலேந்திரன் மெசினைப் போட்டார். அது விழுந்த அதிர்ச்சியில் சுழலத் தொடங்கி, சீமெந்துத் தரையில் வட்டமடித்துப் பொலிஸ்காரனின் சப்பாத்தை நோக்கிப் போனது. பொலிஸ்காரன் இரண்டடி பின்வாங்கினான்.

"இது துளைபோடும் மெசின்," என்றாள் கூட வந்த பொலிஸ்காரி, நெடுநேரம் பார்த்துவிட்டு.

படிக்கட்டில் நேசமணி, பாதி உடுத்த குளிரங்கியோடு யூலியா, காரை வீதியில் விட்டுவிட்டு ஓடிவந்த எமிலியா. எமிலியாவின் இடுப்பில் நோரா.

"அப்பா, துவக்கோட நிண்டது நீங்களோ?"

"ஓம், நான்தான்! மெசினோட நிண்டது நான்தான்!" பிலேந்திரனுக்குக் கண் கலங்கியது. அது கோபத்தில் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பிறகு நோர்வேஜிய மொழிக்குத் திரும்பி, சுவர் அதிரக் கத்தினார்: "ஆனால் முதல் தாள் ஒட்டியபோது என்னிடம் மெசினும் இல்லை, கழகமும் இல்லை. அவனுக்குப் பயந்துதான் என் பேத்தி ஐந்து ஞாயிறாக வரவில்லை! நிரபராதியைப் பிடிக்க இத்தனை பேர் வருகிறீர்கள், இந்த நிலவறையில் அமைதியைக் குலைத்தவன் யார் என்று உங்களில் ஒருவருக்காவது தெரியுமா?"

நேசமணி தரையைப் பார்த்தாள். யூலியா குளிரங்கியின் மறுகையை மாட்டினாள்.

"தெரியும். சனிக்கிழமைச் சத்தத்தைப் பற்றி நேசமணி எழுதித் தந்த முறைப்பாட்டிலேயே உங்கள் பெயரும் வீட்டிலக்கமும் இருந்தன; தனிநபர் விவரத்தைப் பலகையில் போடக்கூடாது என்பதால் நாங்கள்தான் 'ஓர் ஆண்' என்று போட்டோம்."